உட்கார ஒரு ஸ்டூல்

கால் வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்பதைத்தான். புடவைக் கடைப் பெண் என்றால், "காலையில ஒன்பதரைக்கு ஏறினா ராத்திரி ஒன்பதரை சிஸ்டர். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் விடுவாங்க" என்பாள். பரோட்டா மாஸ்டர் என்றால் சாயங்காலம் தொடங்கி நள்ளிரவு வரை கல் முன்னால். அடுக்குமாடிக் குடியிருப்பின் செக்யூரிட்டி, இரும்புலியூரில் வெயிலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் துணி செக்கிங் பார்க்கும் பெண், சலூன்காரத் தம்பி, பீரியட் பீரியடாக நின்றே பாடம் எடுக்கும் ஆசிரியை என்று எல்லாருடைய பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நேரத்தைச் சொல்லிவிட்டு, "வேலைன்னா அப்படித்தானே" என்று அவர்களே முடித்தும் விடுவார்கள்.

நான் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தின் பெரும்பகுதி டிரெஸ்ஸிங் ரூமில் போயிற்று. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆறாத கால் புண்களுக்குக் கட்டுப் போடுவது என் வேலையில் பாதி. இப்போது சேலையூரில் வீட்டோடு இருந்தாலும், தெருக்காரர்கள் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டோ புடவைக் கரையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டோ வந்து காலைக் காட்டுகிறார்கள். பார்க்கப் பார்க்க மனசு ஆறவில்லை. இந்த நோய்க்கு நல்ல வைத்தியம் இருக்கிறது. சீக்கிரம் வந்தால் சுலபமாகவே குணமாகிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் புண் வந்த பிறகுதான் வருகிறார்கள். வைத்தியம் முடிந்ததும் அதே கடையில், அதே இடத்தில் போய் நிற்கிறார்கள்.

நிற்பதில் அப்படி என்ன கெடுதல் என்று கேட்கலாம். இதயம் தள்ளிவிடும் ரத்தம் காலுக்கு இறங்குவதில் சிரமம் இல்லை. திரும்பி மேலே ஏறுவதுதான் பாடு. அந்த வேலையைச் செய்வது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அது இறுகித் தளர்கிறது. இறுகும்போது, உள்ளே ஓடும் சிரை என்கிற ரத்தக்குழாய் பிழியப்பட்டு ரத்தம் மேலே போகிறது. தளரும்போது போன ரத்தம் கீழே இறங்கிவிடாதபடி, குழாய்க்குள் மெல்லிய இதழ்கள் கொண்ட வால்வுகள் மூடிக்கொள்கின்றன. ஆடாமல் அசையாமல் நிற்கிறவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரசம் இருக்கும். அவரே பத்தடி நடந்தால் அது 30-க்குக் கீழே வந்துவிடும். வித்தியாசம் அவ்வளவு. ஆகவே நடப்பதும் நிற்பதும் காலுக்கு ஒன்றல்ல. துணிக்கடையில் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவள் நாள் முழுக்க அந்த 90-ஐத் தாங்கிக்கொண்டு நிற்கிறாள்.

அழுத்தம் வருடக்கணக்கில் நீடித்தால் சிரையின் சுவர் விரிகிறது. சுவர் விரிந்தால் வால்வின் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது, அதனால் கீழே உள்ள வால்வுக்கும் பளு கூடி அதுவும் கெடுகிறது. தோலுக்கு அடியில் ஓடும் சிரைகள் வீங்கி, நீண்டு, இடம் போதாமல் வளைந்து நெளிகின்றன. நரம்பு சுருட்டிக்கொண்டது என்று நாம் சொல்வதும் வெரிகோஸ் வெயின் என்று டாக்டர் எழுதுவதும் இதைத்தான்.

நிற்பது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வர வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு பிரசவமும் அதைக் கூட்டும். உடல் பருமனும் வயதும் சேரும். ஆனால் டென்மார்க்கில் வேலை செய்கிறவர்களைப் 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்து, 2005-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வேலை நேரத்தின் பெரும்பகுதியை நின்றே கழிக்கிறவர்கள் இந்த நோய்க்காக மருத்துவமனையில் சேருவது மற்றவர்களைவிட முக்கால் பங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே இது பெண்களின் நோய், பிள்ளை பெற்றதால் வருவது என்று ஒதுக்கிவிட முடியாது. பரோட்டா மாஸ்டரின் காலை நான் பார்த்திருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே கயிறு கயிறாகப் புடைத்து நின்றது.

இந்த நோய் மெதுவாக நடக்கும். முதலில் சாயங்காலம் ஆனால் கால் கனக்கும். செருப்பு இறுக்கும். ராத்திரி கெண்டைக்கால் குரக்களி பிடிக்கும். காலையில் எழுந்தால் எல்லாம் சரியாக இருக்கும், அதனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. பிறகு பச்சை பச்சையாக நெளிவுகள் தெரியும். அதற்கும் பிறகு கணுக்காலுக்கு மேலே, உள்பக்கமாக, தோல் நிறம் மாறத் தொடங்கும். தேங்கிய ரத்தத்திலிருந்து கசியும் சிவப்பணுக்கள் சிதைந்து, அவற்றின் இரும்புச் சத்து தோலில் படிவதால் வரும் பழுப்பு அது. தொட்டால் தோல் மெத்தென்று இருக்காது, பலகை மாதிரி இறுகியிருக்கும். அரிக்கும்.

அரிப்பு வந்ததும் நம் ஆட்கள் மருந்துக் கடைக்குப் போய்ப் படைக்குப் பூசும் களிம்பு வாங்குகிறார்கள். எங்களிடம் வந்த புடவைக் கடைப் பெண் ஒருத்தி அப்படிப் பல மாதம் பூசியிருந்தாள். சொறிந்த இடத்தில் ஒரு சிறு புண் வந்தது. அது எட்டணா அளவாகி, ரூபாய் அளவாகி, அவள் வரும்போது உள்ளங்கை அகலம். "சர்க்கரை இல்ல சிஸ்டர், அப்புறம் ஏன் ஆற மாட்டேங்குது?" என்று கேட்டாள். சர்க்கரைப் புண் பெரும்பாலும் பாதத்தில், விரலில், அழுத்தம் படும் இடத்தில் வரும். இவளுடையது கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் இருந்தது. சுற்றிலும் பழுப்பு, மேலே புடைத்த நரம்பு, காலெல்லாம் வீக்கம். நீர் ஒழுகிக்கொண்டே இருந்ததால், பாவாடை ஓரம் நனையாமல் இருக்க ஒரு பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மேலே என்ன மருந்து வைத்தாலும், உள்ளே தேங்கும் ரத்தத்துக்கு வழி செய்யாமல் அந்தப் புண் ஆறாது.

வழி செய்வது என்றால் முதலில் கட்டு. கட்டுதானே என்று இதை லேசாக நினைக்கக்கூடாது. புண்ணைச் சுத்தம் செய்து மூடிய பிறகு, பாதத்தைச் செங்குத்தாகப் பிடித்து, விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, குதிகாலையும் விடாமல் மூடி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மறைக்கும்படி முழங்காலுக்குக் கீழே வரை ஏற்ற வேண்டும். கணுக்காலில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. பலர் வீட்டில் நடுக்காலில் மட்டும் இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள். அது கீழே இருக்கும் ரத்தத்தைப் பூட்டி வைப்பதாகும். கட்டிய பிறகு விரல் நுனிகள் வெளியே தெரியவேண்டும். நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ உடனே அவிழ்க்க வேண்டும். இன்னொன்றும் முக்கியம். பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர், பல வருட சர்க்கரை நோயாளி ஆகியோருக்குக் காலுக்கு வரும் ரத்தமே குறைவாக இருக்கலாம். அவர்களுக்கு இறுக்கிக் கட்டினால் கால் கெட்டுப்போகும். அதனால் பாதத்தில் நாடி பார்த்து, தேவைப்பட்டால் கைக்கும் கணுக்காலுக்கும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கட்டுப் போடுவோம்.

புண் இல்லாதவர்களுக்கு ஸ்டாக்கிங்ஸ். மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண நீளக் காலுறை இதற்குப் பயன்படாது. கணுக்காலில் 23 முதல் 32 மில்லிமீட்டர் வரை அழுத்தம் தரும் இரண்டாம் வகுப்பு ஸ்டாக்கிங்ஸைத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவை அளந்து வாங்க வேண்டும். காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் போட்டு, ராத்திரி படுக்கும்போது கழற்றவேண்டும். எழுந்து நடமாடி, கால் வீங்கிய பிறகு போட்டால் ஏறாது, ஏறினாலும் பயன் பாதி. சென்னை மே மாதத்தில் இதை மாட்டிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வியர்த்து நசநசக்கும். விரல் திறந்த வகை கொஞ்சம் பரவாயில்லை. துவைத்துத் துவைத்து ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், புதிது வாங்கவேண்டும்.

ஸ்டாக்கிங்ஸ் வீக்கத்தைக் கட்டுப்படுத்தும், கெட்ட வால்வைச் சரிசெய்யாது. அதற்கு அந்தச் சிரையையே மூடிவிட வேண்டும். இதைச் சொன்னதும் எல்லாரும் கேட்கும் கேள்வி, "அடைச்சிட்டா ரத்தம் எந்த வழியா போகும்?" காலிலிருந்து திரும்பும் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு, சதைக்கு உள்ளே ஓடும் ஆழச் சிரைகள் வழியாகத்தான் போகிறது. தோலுக்கு அடியில் இருப்பது கிளைப் பாதை. அதுவும் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும் கிளைப் பாதை. அதை மூடினால் கால் இளைப்பாறும். ஆனால் மூடுமுன் ஆழச் சிரை அடைப்பில்லாமல் இருக்கிறதா என்று டாப்ளர் ஸ்கேனில் பார்த்தே ஆகவேண்டும். நோயாளியை நிற்கவைத்து, கெண்டைக்காலை அழுத்தி விட்டு, ரத்தம் எத்தனை நொடி பின்னோக்கி ஓடுகிறது என்று திரையில் பார்ப்பார்கள். அந்த ஸ்கேன் இல்லாமல் செய்யப்படும் எந்த வெரிகோஸ் சிகிச்சையையும் நான் நம்பமாட்டேன்.

முன்பெல்லாம் தொடையிடுக்கில் கீறி, சிரையை முழு நீளத்துக்கு உருவி எடுப்பார்கள். கால் முழுக்க ரத்தக்கட்டு நீலமாகப் படர்ந்திருக்கும். இப்போது முழங்கால் பக்கம் ஊசி குத்தும் அளவு துளை போட்டு, சிரைக்குள் மெல்லிய குழாயை ஏற்றி, லேசர் சூட்டாலோ ரேடியோ அலைச் சூட்டாலோ உள்ளிருந்தே மூடிவிடுகிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வது. அன்றைக்கே நடக்கவைத்து அனுப்புகிறார்கள், நடக்கத்தான் வேண்டும். சின்னக் கிளைகளுக்கு நுரை மருந்து ஊசியும், சில இடங்களில் பசை வைத்து மூடுவதும் உண்டு. புண் இருக்கும்போது இதைச் செய்யலாமா, ஆறும்வரை காத்திருக்கவேண்டுமா என்ற சந்தேகம் வெகுநாள் இருந்தது. பிரிட்டனில் 450 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் அதைத் தீர்த்துவைத்தது. தொடக்கத்திலேயே சிரையை மூடியவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறிவிட்டது. கட்டு மட்டும் போட்டுக் காத்திருந்தவர்களுக்கு அதே அளவு ஆற 82 நாள் ஆனது. உள்ளங்கை அகலப் புண்ணோடு வந்த அந்தப் பெண்ணுக்கு முன்னதாகவே செய்திருந்தால் அவ்வளவு மாதம் ஒழுகிக்கொண்டிருந்திருக்காது.

புடைத்த நரம்பு சில சமயம் குளியலறையில் வெந்நீர் பட்டு, தோல் மெலிந்த இடத்தில் பீய்ச்சி அடிக்கும். ரத்தம் தெறிப்பதைப் பார்த்துப் பதறி, அந்த இடத்துக்கு மேற்புறமாகத் துணியைப் போட்டு முறுக்கிக் கட்டுவார்கள். அது தவறு, ரத்தம் அதிகமாகவே வரும். செய்யவேண்டியது, உடனே தரையில் படுத்து, காலை நாற்காலி மேல் தூக்கி வைத்து, வரும் இடத்திலேயே சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிப்பது. நின்றுவிடும். நின்ற பிறகும் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

இதுவரை சொன்னது நின்று நிதானமாக வரும் நோய். ஆழச் சிரையில் ரத்தம் உறைவது வேறு. அதற்கு அவகாசம் கிடையாது.

முடிச்சூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சிசேரியன் ஆகிப் பன்னிரண்டாம் நாள். இடது கால் மட்டும் தொடை வரை வீங்கி, பளபளவென்று, தொட்டால் சுட்டது. வலது கால் சாதாரணமாக இருந்தது. மாமியார் எண்ணெய் காய்ச்சி வைத்து, நீவி விடும் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். "பச்ச உடம்பு, வாயு பிடிச்சிருக்கும்மா, நீவினா எறங்கிடும்" என்றார். அன்போடு செய்கிற காரியம்தான். ஆனால் உள்ளே உறைந்த ரத்தக்கட்டி இருக்கும்போது காலை நீவினால், அது பிய்ந்து, இதயம் வழியாகப் போய் நுரையீரல் குழாயை அடைத்துவிடலாம். உயிர் போகும். "அம்மா, எண்ணெயை எடுத்து வச்சிருங்க, இப்பவே ஸ்கேன் பாக்கணும்" என்று அந்த நிமிடமே ஆட்டோ பிடித்து அனுப்பினேன். டாப்ளரில் தொடைச் சிரை முழுக்க அடைத்திருந்தது. அன்றைக்கே ஹெபாரின் வகை ஊசி தொடங்கினார்கள். அது தாய்ப்பாலில் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது.

ரத்தம் குழாய்க்குள் ஏன் உறைகிறது என்பதற்கு, ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 19-ம் நூற்றாண்டின் நடுவில் செய்த ஆராய்ச்சியை ஒட்டி மூன்று காரணங்களைச் சொல்கிறோம். ஓட்டம் மந்தமாவது, குழாயின் சுவர் காயப்படுவது, ரத்தமே எளிதில் உறையும் நிலையில் இருப்பது. அவர் பிறந்த அக்டோபர் 13-ஐத்தான் உலக ரத்த உறைவு நாளாக 2014 முதல் கடைப்பிடிக்கிறார்கள். பிரசவித்த பெண்ணுக்கு மூன்றும் ஒன்றாக வரும். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவேண்டும் என்று உடம்பே உறையும் தன்மையைக் கூட்டி வைத்திருக்கும், அது ஆறு வாரம் வரை நீடிக்கும். அதற்கு மேல் நாம் பிள்ளை பெற்றவளைப் படுக்கவைக்கிறோம். சில வீடுகளில் தண்ணீரையும் பத்தியம் என்று அளந்து கொடுக்கிறார்கள். வயிறு பெருக்கும், சீதளம் பிடிக்கும் என்பார்கள். பால் கொடுக்கும் பெண்ணின் உடம்பு வறண்டால் ரத்தம் கெட்டிப்படும். தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள், மறுநாளே எழுந்து நடக்கவிடுங்கள் என்று பேத்தி பிறந்த வீட்டுக்கெல்லாம் நான் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இடுப்பெலும்பு, முழங்கால் அறுவை சிகிச்சை ஆனவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மாவுக்கட்டோடு படுத்திருப்பவர்கள் ஆகியோருக்கும் இந்த ஆபத்து கூடுதல். நீண்ட பயணமும் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட முடிவின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகும். விமானம், ரயில், பஸ், கார் எல்லாம் ஒன்றுதான். ஆரோக்கியமானவர்களில் ஆறாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கு, பயப்படத் தேவையில்லை. ஆனால் முழங்கால் ஆபரேஷன் ஆன அப்பாவை மூன்றே வாரத்தில் கிளாம்பாக்கத்தில் நாகர்கோவில் பஸ் ஏற்றி, ராத்திரி முழுக்கக் காலைத் தொங்கப் போட்டு அனுப்பாதீர்கள். போயே ஆகவேண்டும் என்றால் டாக்டரைக் கேட்டு, பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி நடக்கவைத்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லி, தண்ணீர் குடிக்கவைத்துக் கூட்டிப்போங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சுட்டால் அன்றைக்கே மருத்துவமனை. இரண்டு காலும் சமமாக வீங்கினால் அது இதயமாகவோ சிறுநீரகமாகவோ ரத்தசோகையாகவோ இருக்கலாம், அதையும் பார்க்கவேண்டும். கால் வீக்கத்தோடு திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தினாலோ, மயக்கம் வந்தாலோ யோசிக்க வேண்டாம், 108.

ரத்த உறைவுக்கு வைத்தியம் பெரும்பாலும் மருந்துதான். புதிதாக உறைவது நின்றுவிட்டால், இருக்கும் கட்டியை உடம்பே மெல்லக் கரைத்துக்கொள்ளும். மருந்தைக் குறைந்தது மூன்று மாதம், சிலர் ஆயுள் முழுக்கச் சாப்பிடவேண்டும். அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற பழைய மாத்திரைகளுக்கு அடிக்கடி ரத்தம் எடுத்து அளவு பார்க்கவேண்டும். ரிவரோக்சபான், அபிக்சபான் போன்ற புதியவற்றுக்கு அது தேவையில்லை, ஆனால் பால் கொடுப்பவர்களுக்கு ஆகாது. வார்ஃபரின் எலி மருந்து என்று யாரோ சொல்லிவிட, நிறுத்திவிட்டு வந்தவர்கள் உண்டு. உண்மைதான். 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூசணம் பிடித்த தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. அந்தத் தீவனத்தில் இருந்த பொருளை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். அதன் வழி வந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகவும், 1954-ல் மனிதர்களுக்கான மருந்தாகவும் வந்தது. அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு 1955-ல் மாரடைப்பு வந்தபோது கொடுத்தது இதைத்தான். அளவில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் முருங்கைக்கீரையை அடியோடு விடவேண்டியதும் இல்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றாமல் ஒரே சீராகச் சாப்பிட்டால் போதும்.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இருப்பதால், அட்டை விடலாமா என்று கேட்பவர்கள் இந்தப் பக்கம் அதிகம். அட்டையின் உமிழ்நீரில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதை 1884-ல் ஜான் ஹேகிராஃப்ட் கண்டுபிடித்தார், அது பொய்யில்லை. ஆனால் கசியும் வால்வை அட்டை சரிசெய்யாது. ஆழச் சிரை அடைப்புக்கு அது மாற்று இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அட்டை விட்டுக்கொண்டால் ரத்தம் நிற்காது. எந்த முறை வைத்தியத்துக்குப் போனாலும் டாப்ளர் ரிப்போர்ட்டையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆழச் சிரை அடைப்பு வந்துபோனவர்களில் கணிசமானவர்களுக்கு வால்வுகள் சிதைந்து, சில வருடத்தில் அதே வீக்கம், அதே பழுப்பு, அதே புண் என்று என் டிரெஸ்ஸிங் ரூமுக்கே வருவார்கள். எந்த வழியில் வந்தாலும் கால் கேட்பது ஒன்றுதான். நடக்க விடு, இல்லையென்றால் உட்கார விடு.

இதைச் சட்டமாக்கப் பல காலமாக மனிதர்கள் போராடியிருக்கிறார்கள். பிரிட்டனில் கடைப் பெண்களுக்கு மூன்று பேருக்கு ஒரு இருக்கை போடவேண்டும் என்று 1899-லேயே சட்டம் வந்தது. நம் நாட்டில் 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நின்று வேலை செய்கிற தொழிலாளிக்கு உட்காரும் வசதி கேட்டது. கடைகளுக்கு அது வரவில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி, 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் வழியாகக் கடைப் பெண்களைத் திரட்டி, முதலில் கழிப்பறை கேட்டார், பிறகு உட்காரும் உரிமை கேட்டார். கேரளா 2018-ல் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் அமைச்சர் சி.வி.கணேசன் சட்டமன்றத்தில் மசோதா தாக்கல் செய்ய, 1947-ம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை இருக்கவேண்டும் என்கிறது அது. ஒரு நர்ஸாகச் சொல்கிறேன், இந்த நோய்க்கு இதைவிடப் பெரிய தடுப்பு மருந்து எனக்குத் தெரியாது. ஆனால் நான் துணி எடுக்கப் போகும் கடைகளில் வாடிக்கையாளருக்கு நாற்காலி இருக்கிறது. கவுன்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் பல இடங்களில் ஒன்றும் இல்லை.

கடையில் வேலை செய்கிறவர்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கே.கே.நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பணம் கட்டவேண்டியதில்லை. நிபந்தனைகளுக்கு உட்பட்டு, விடுப்பு நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை கிடைக்கும். அது இல்லாதவர்களுக்குச் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

இன்னொரு காரியமும் செய்யலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்து எழுதுவது போலவே, "தொடர்ந்து நிற்கக்கூடாது, மணிக்கொரு முறை உட்காரவும் நடக்கவும் அனுமதிக்கவும்" என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். அதன் நகலைக் கடையில் கொடுத்து, 22-ஏ பிரிவையும் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். உள்ளங்கை அகலப் புண்ணோடு வந்த அந்தப் பெண், சிரையை மூடிப் புண் ஆறிய பிறகு அப்படி ஒரு சீட்டோடுதான் வேலைக்குத் திரும்பினாள். மேனேஜர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, ரவிக்கைத் துணிப் பிரிவில் ஒரு ஸ்டூல் போட்டார். அதே தளத்தில் இன்னும் பதினொரு பெண்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கும் கேட்கப்போவதாகச் சொல்லி, அந்தப் பிரிவின் எண்ணை ஒரு சீட்டில் எழுதித் தரும்படி போன வாரம் என்னிடம் வந்திருந்தாள்.